காலை ஆறு மணித் தண்ணீர்

மார்ச் 4, செவ்வாய்

புதுப் படிகாரம் சுத்த மோசம். போன மாதம்வரை தொட்டிக்கு ஒரு வாளி கரைத்தால் போதும். இப்போது ஒன்றரை வாளி கரைத்தும் தண்ணீர் தெளியச் சோம்பல்படுகிறது. சப்ளை செய்பவனுக்குப் போன் போட்டுத் திட்டினேன். "படிகாரம் அதே படிகாரம்தாம்மா, உங்க தண்ணிதான் மாறியிருக்கும்" என்கிறான். பதினோரு வருஷமாக இந்த நீரேற்று நிலையத்தைப் பார்த்துக்கொள்கிறேன், எனக்கே பாடம் எடுக்கிறான். ரிஜிஸ்டரைப் புரட்டினேன். காலை ஆறு மணி, ஓடைத் தண்ணீரின் கலங்கல் அளவு நான்கு. நேற்றும் நான்கு. முந்தாநாள் ஐந்து. ஐந்துக்குள் இருந்தால் கண்ணாடி மாதிரித் தண்ணீர் என்று அர்த்தம். மாறியிருக்கிறதாம்!

தம்பிக்கு வேலை கிடைத்துவிட்டது. இதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும், கோபத்தில் பின்னால் போய்விட்டது. மலைக்குள் என்ன உலோகம் இருக்கிறது என்று துளை போட்டுப் பார்க்க ஒரு கம்பெனி வந்திருக்கிறது. அவர்களுடைய ரிக் வண்டிகள் மேலே ஏறுவதற்கு ஒரு மாதமாக ரோடு வெட்டுகிறார்கள். அதில் டோசர் ஓட்டப் போகிறான். எட்டு மாதம் சும்மா உட்கார்ந்திருந்தவன். மழைக்கு முன்னால் ரோட்டை முடித்துக் கொடுத்தால் வேலையை நிரந்தரமாக்குவார்களாம். அவன் மனைவிக்கு இது ஐந்தாம் மாதம். வேலை நல்ல நேரம் பார்த்துத்தான் வந்திருக்கிறது.

வீட்டுக்காரர் தையல் மெஷினை நிறுத்தாமலேயே சொன்னார்: "மலைய உன் தம்பி கையில குடுத்துட்டாங்களா? பாவம் மலை."

மார்ச் 16, ஞாயிறு

மதியச் சாப்பாடு தம்பி வீட்டில். ஓடைக்கரையில் பன்னிரண்டு வீடுகள் ஒட்டி ஒட்டி இருக்கின்றன, கீழ்வரிசை என்று பெயர். எங்கள் நிலையத்திலிருந்து ஓடையோடு பத்து நிமிஷம் இறங்கினால் வந்துவிடும். அடுத்த வீட்டுக் கடிகாரக்காரரும் சாப்பிட வந்திருந்தார். ஒரு காது கேட்காது, ஆனால் பேச்சுக்குக் குறைவில்லை. அவர் மனைவி சர்க்கரை நோயாளி. அந்த அம்மா அதிகம் பேசமாட்டார், தட்டில் என்ன விழுகிறது என்று மட்டும் கணவர் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தம்பி மேசைமேல் டம்ளர்களை மலையாக வைத்து ரோடு போட்டுக் காட்டினான். ஓடை வளைந்து வளைந்து வருவதால் ரோடு அதை மூன்று இடத்தில் தாண்டுகிறது. மூன்று பாலம். பாலம் என்று பேர்தான் பெரிது. ஓடையில் ஒரு குழாயைப் படுக்க வைத்து, மேலே பள்ளம் நிரம்புகிற வரைக்கும் மண்ணைக் கொட்டி, ரோலரால் அமுக்குவார்கள். மலை உச்சியிலிருந்து எண்ணி மூன்றாவது பாலம், எல்லாவற்றுக்கும் கீழே இருப்பது, அதுதான் பெரியது. மூன்று மாடி உயரத்துக்கு மண் கொட்ட வேண்டுமாம்.

"இத்தன மண்ணுக்கு எங்கடா போவீங்க?"

"அதெல்லாம் மலையிலயே இருக்குக்கா. கிராவல் கல்லுதான் ரொம்ப தூரத்துலேர்ந்து வரணும்."

மார்ச் 27, வியாழன்

படிவுத் தொட்டியைக் கழுவினேன். மூன்று மாதத்துக்கு ஒரு முறை கழுவுகிற தொட்டி. போன முறை கழுவி மூன்று வாரம்கூட ஆகவில்லை, அதற்குள் அடியில் முழங்கால் உயரச் சேறு. செம்மண்ணும் கறுப்பு மண்ணும் கலந்து பிசுபிசுவென்று. தினமும் நான்கு, ஐந்து என்று எழுதுகிற தண்ணீரில் இவ்வளவு சேறு எங்கிருந்து வருகிறது? மீட்டர் கெட்டுவிட்டதோ? சோதனைப் புட்டி போட்டுப் பார்த்தேன். மீட்டர் சரியாகத்தான் இருக்கிறது.

எனக்குப் பிடிபடவில்லை. பிடிபடாத விஷயம் என்றால் எனக்கு முதலில் எரிச்சல் வரும். இன்றைக்கு எரிச்சல் வரவில்லை, மீட்டரை இன்னொரு தடவை துடைத்து வைத்தேன்.

ஏப்ரல் 9, புதன்

கம்பெனியின் சுற்றுச்சூழல் அதிகாரி வந்தார். சின்னப் பெண்தான், கையில் எப்போதும் நீலக் கோப்பு. மாதம் ஒருமுறை வந்து என் ரிஜிஸ்டரைப் போட்டோ எடுத்துக்கொண்டு போவார். "மேடம், உங்க ரெக்கார்டு அவ்ளோ சுத்தம். ஒரு நாள்கூட விடல. மேல எல்லாரும் பாராட்டுறாங்க" என்றார். பஸ் நிறுத்தத்தில் போர்டு வைத்திருக்கிறார்கள்: ரோடு வேலை தொடங்கிய பிறகும் ஓடை நீர் தெளிவு மாறவில்லை, ஆதாரம் நீரேற்று நிலையப் பதிவேடு.

சாயங்காலம் அந்தப் போர்டைப் போய்ப் பார்த்தேன். என் பெயர் இல்லை, ஆனால் என் எண்கள். உண்மையைச் சொன்னால் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

ஏப்ரல் 14, திங்கள்

ஒழுங்காக எழுத வேண்டும்.

மதியம் இரண்டு மணிக்குப் பம்பு திணறியது. உறிஞ்சு குழாயின் வலை அடைத்திருக்கும் என்று கீழே இறங்கினேன். ஓடைக்கு அறுபத்துநாலு படி. முழங்கால் காரணமாக நான் ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் இறங்குவேன், காலை ஆறு மணிக்கு. மதியத்தில் இறங்கி வருஷக்கணக்காகிறது.

ஓடை டீ மாதிரி ஓடுகிறது. கரையோரக் கூழாங்கல் ஒன்றைக்கூடக் காணோம், எல்லாவற்றின்மேலும் விரல் கனத்துக்குச் சேறு பூசியிருக்கிறது. ஒரு கல்லைப் புரட்டினேன். எப்போதும் அடியில் பூச்சிகள் சிதறி ஓடும். ஒன்றும் இல்லை. வெறும் கல்.

புட்டியில் எடுத்து வந்து மீட்டரில் வைத்தேன். முந்நூற்று நாற்பது. திரும்ப எடுத்தேன். முந்நூற்று அறுபது.

அப்புறம்தான் உறைத்தது. டிப்பரும் டோசரும் காலை எட்டு மணிக்கு ஓடையில் இறங்கிக் கலக்க ஆரம்பிக்கின்றன, ஐந்து மணிக்கு நிறுத்துகின்றன. இரவெல்லாம் யாரும் தொடுவதில்லை. சேறு அடியில் படிந்துவிடுகிறது. விடிந்ததும் தெளிந்த தண்ணீரில் நான் போய்ப் பவ்யமாகப் புட்டியை முக்கி, நான்கு என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறேன். ஏன் ஆறு மணி? எனக்கு முன்னால் இருந்தவர் ஆறு மணிக்கு எடுத்தார். அவ்வளவுதான் காரணம். பதினோரு வருஷத்தில் ஒரு நாள்கூட நான் பொய் எழுதியதில்லை. எழுதிய அத்தனையும் சேர்ந்து இப்போது ஒரு பெரிய பொய்யாகப் பஸ் நிறுத்தத்தில் நிற்கிறது.

படிகாரக்காரனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

ஏப்ரல் 15, செவ்வாய்

மேற்பார்வையாளருக்குப் போன் செய்தேன்.

"மதியம் எடுக்கச் சொல்லி உங்களுக்கு யார் சொன்னது?"

"யாரும் சொல்லல சார்."

"அப்ப எடுக்காதீங்க. ஃபார்ம்ல ஒரு கட்டம்தான் இருக்கு. ரெண்டு நம்பர் எழுதினா எதை ஏத்துறது?"

கலங்கலால் யாரும் சாகப்போவதில்லை, படிகாரம் எதற்கு இருக்கிறது என்றும் சொன்னார். அவர் சொல்வதும் சரிதானோ? நான்தான் ஊதிப் பெரிதாக்குகிறேனோ?

ஏப்ரல் 23, புதன்

இன்று கேட்டதை எங்கே எழுதுவது? இங்கே தவிர வேறு இடம் இல்லை.

தம்பி வேலை முடிந்து நேராக இங்கே வந்தான். மூன்றாவது பாலம் முடிந்துவிட்டதாம், சொன்ன தேதிக்குப் பத்து நாள் முன்னால். ஃபோர்மன் தட்டிக்கொடுத்தாராம். ஒரே குஷி. நான் தண்ணீர்க் கதையைச் சொன்னேன். "ரோடு முடிஞ்சிட்டா எல்லாம் தெளிஞ்சிரும்க்கா, நீ வேற" என்று சிரித்தான்.

"பத்து நாள் முன்னாடி எப்படிடா முடிச்ச? கிராவல் ரொம்ப தூரத்துலேர்ந்து வரணும்னியே?"

சிரிப்பு அப்படியே நின்றது. தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான். ரோட்டுக்காக வெட்டிய மரங்கள், பிடுங்கிய வேர்க்கட்டைகள், வழித்தெடுத்த மேல்மண் எல்லாம் ஓரத்தில் குவிந்து கிடந்தனவாம். அவற்றைத் தூரக் கொண்டுபோய்க் கொட்டத்தான் உத்தரவு. நேரம் இல்லை. ஃபோர்மன், "பள்ளத்துல தள்ளி மூடு, மேல ஒரு மீட்டர் கிராவல் போட்டா எவனுக்குத் தெரியும்" என்றாராம். இவன் தள்ளினான். டோசரில் உட்கார்ந்து இவனே தள்ளினான். குழாயும் வரைபடத்தில் சொன்ன நாலடிக் குழாய் இல்லை, கிடைத்த இரண்டடிக் குழாய். "இப்ப ஓடைய ஒரே எட்டுல தாண்டிரலாம்க்கா, அதுக்கு எதுக்கு நாலடின்னு விட்டுட்டோம்."

வேனிற்காலத்து ஓடையைப் பார்த்து மழைக்காலத்துக்குக் குழாய் போட்டிருக்கிறார்கள்.

"மழ வந்தா?"

"ஒண்ணும் ஆகாது."

"மழ வந்தா என்னடா ஆகும்?"

தட்டோடு எழுந்தான். கை கழுவும்போது சொன்னான்: "அக்கா, யார்கிட்டயும் சொல்லிடாத. டோசர்ல உக்காந்திருந்தது நான். மாட்டுறதும் நான்தான்."

ஏப்ரல் 24, வியாழன்

சொல்லவில்லை.

மே 4, ஞாயிறு

சொந்தக்காரர் வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு ரோட்டில் ஏறினேன். ஞாயிறு என்பதால் வண்டி இல்லை. இரண்டு மணி நேரம் நடந்தேன், முழங்கால் உயிரை வாங்கியது.

மலையைச் செங்குத்தாக வெட்டியிருக்கிறார்கள். வெட்டிய பக்கத்தில் மண் இன்னும் பச்சை ரணமாக இருக்கிறது, புல்லின் வேர்கள் காற்றில் தொங்குகின்றன. ரோட்டோரம் தண்ணீர் வடிய வாய்க்கால் என்று ஒன்றும் இல்லை. போன வாரத் தூறலுக்கே டயர்த் தடத்தில் தண்ணீர் ஓடி, கையளவு ஆழத்துக்கு மண்ணை அறுத்துக்கொண்டு போயிருக்கிறது. அறுத்த மண் எல்லாம் எங்கே போகும்? என்னிடம்தான்.

மூன்றாவது பாலத்தில் நின்றேன். மேலே பார்க்க அழகாக, மட்டமாக இருக்கிறது. ஓரத்துக்குப் போனால் விளிம்போடு ஒரு விரிசல், நீளமாக. கையை நுழைத்தேன். மணிக்கட்டுவரை போயிற்று. உள்ளே ஈரம், மக்கிய இலை வாசம். உள்ளே இருக்கிற கட்டைகள் அழுக அழுக மண் இறங்குகிறது, எனக்கே புரிகிறது. குழாய் வாய்க்கு இறங்கிப் பார்த்தேன். வாயில் பாதிக்குக் கிளைகள் சிக்கியிருக்கின்றன. இழுத்தேன், வரவில்லை.

அங்கிருந்து திரும்பிப் பார்த்தால் பள்ளத்தாக்கு நேராக இறங்குகிறது. முதலில் எங்கள் நிலையத்தின் தகரக் கூரை. அதற்குக் கீழே பன்னிரண்டு கூரைகள். தம்பி வீட்டு மாடியில் அவன் மனைவி துணி காயப்போடுகிறாள், கடுகளவு தெரிகிறாள்.

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

மே 12, திங்கள்

இப்போது ஒரு நாளைக்கு நாலு தடவை படி இறங்குகிறேன். எண்களைத் தனி நோட்டில் எழுதுகிறேன். வானத்தை வேறு பார்த்துக்கொண்டே இருக்கிறேன். வீட்டுக்காரர் கேட்டார்: "நீ தண்ணியப் பாக்குறியா, தண்ணி உன்னப் பாக்குதா?" சிரிக்க வரவில்லை. அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மெஷினை நிறுத்தினார். "சொன்னா உன் தம்பி உள்ள போவான்" என்றார். கொஞ்சம் கழித்து, "சொல்லலன்னா?" என்று அவரே கேட்டுக்கொண்டார்.

மே 20, செவ்வாய்

முதல் மழை. அரை மணி நேரம்தான். மீட்டர் தொள்ளாயிரம் காட்டியது, அதற்கு மேல் அதற்குக் காட்டத் தெரியாது. குழாயில் பழுப்புத் தண்ணீர் வருகிறது என்று பதினேழு போன்.

சாயங்காலம் தம்பி மனைவியிடம் போய், "பிரசவம் வரைக்கும் எங்க வீட்டுலயே வந்து இரேன், எனக்கும் துணையா இருக்கும்" என்றேன்.

"என்ன அண்ணி திடீர்னு?"

"உன்னப் பாத்துக்க ஆள் வேணும்ல."

"பக்கத்துல கடிகாரக்காரர் வீட்டம்மா இருக்காங்களே" என்றாள். எனக்குப் பொய் சொல்ல வரவில்லை. அவள் என்னையே உற்றுப் பார்த்தாள். சரி, அடுத்த வாரம் வருகிறேன் என்றாள்.

மே 22, வியாழன்

என்ன காரியம் செய்துகொண்டிருக்கிறேன்? பன்னிரண்டு வீட்டில் ஒரு வீட்டுக்காரியை மட்டும் நைசாகக் கிளப்பிக்கொண்டு வருகிறேன். மற்ற பதினோரு வீடும்? இன்றைக்குக் கடிகாரக்காரர் என் கைக்கடிகாரத்துக்குப் பட்டை மாற்றிக் கொடுத்தார். "உங்க முகம் ஏம்மா இப்படி வாடிக் கெடக்கு?" என்று சத்தமாகக் கேட்டார். அந்தக் கேட்காத காதுப் பக்கம் நின்று, "நீங்க எல்லாரும் வேற எங்கயாவது போயிருங்க" என்றேன். அவருக்குக் கேட்கவில்லை. கேட்காது என்று தெரிந்துதான் சொன்னேன். சீ.

மே 29, வியாழன்

எழுதிவிட்டேன்.

ரிஜிஸ்டரில் கடைசியில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம் உண்டு. பதினோரு வருஷமாக அதில் ஒரு கோடு மட்டும் போட்டு வந்திருக்கிறேன். இன்று அதில் இடம் போதாமல் தாள் ஒட்டி எழுதினேன். மதிய நேர எண்கள் எல்லாம். மூன்றாவது பாலத்துக்குள் மரக்கட்டையும் மேல்மண்ணும் இருப்பது, குழாய் இரண்டடி என்பது, விரிசல், குழாய் வாயில் அடைப்பு. மழைக்கு முன் தோண்டி எடுக்காவிட்டால் கீழ்வரிசை போய்விடும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். தம்பி பெயரை எழுதவில்லை. எழுதாவிட்டால் என்ன, அங்கே இருப்பது இரண்டே டோசர்.

மேற்பார்வையாளருக்கு ஒன்று, தலைமை அலுவலகத்துக்கு ஒன்று, நீலக் கோப்புப் பெண்ணுக்கு ஒன்று. மூன்று நகலும் என் கையாலேயே கொடுத்தேன். அந்தப் பெண் நின்றபடியே படித்தார். முகத்தில் ஈயாடவில்லை. "மேடம், நான் இதுவரைக்கும் ஆறு மணி நம்பரதான் அனுப்பிட்டிருந்தேன்" என்றார். "நானும்தான்" என்றேன்.

ஜூன் 3, செவ்வாய்

தம்பியை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். விசாரணை முடியும்வரை என்று சொல்லியிருக்கிறார்கள்.

வாசலில் நின்று கத்தினான். உள்ளே வரவே இல்லை. "நம்பித்தானடா சொன்னேன் உன்கிட்ட"... கோபத்தில் என்னையே 'டா' போட்டுவிட்டான். "நீ எனக்கு அக்காவா? எதிரிகூட இப்படிப் பண்ண மாட்டான். பத்து நாள்ல மழ வந்திட்டுப் போயிருக்கும், ஒண்ணும் ஆகியிருக்காது, எல்லாம் மறந்திருக்கும்!" தெருவே பார்த்தது. நான் என்ன சொல்ல? அவன் சொல்கிற மாதிரியே ஒன்றும் ஆகாமல் போனால், நான் அவன் வாழ்க்கையைச் சும்மா கெடுத்தவள். ஆனால்... ஆனால் அப்படியே ஆகட்டும் என்றுதான் வேண்டிக்கொள்கிறேன். நான் கிறுக்கி என்று ஊர் சிரிக்கட்டும்.

மனைவியை இங்கே அனுப்ப மாட்டானாம்.

ஜூன் 6, வெள்ளி

கம்பெனி இன்ஜினியர் வந்து பாலத்தைப் பார்த்தாராம். மேலே நடந்து பார்த்துவிட்டு, மழைக்காலம் முடிந்ததும் சரி செய்யலாம் என்று சொல்லிவிட்டுப் போனாராம். குடையோடு வந்தாராம்.

ஜூன் 11, புதன்

மூன்றாவது நாளாக மழை. நிலையத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

காலை 6. ஓடை அளவுப் பலகையில் ஒரு மீட்டர் பத்து.

10 மணி. ஒன்று நாற்பது. கிளைகள், புல், ஒரு செருப்பு.

12 மணி. ஒன்று அறுபது. மேற்பார்வையாளர் போனை எடுக்கவில்லை.

1.20. பம்பு நின்றுவிட்டது. சிவப்பு விளக்கு, 'தண்ணீர் இல்லை'. இத்தனை மழையில் தண்ணீர் இல்லையா? இறங்கிப் பார்த்தேன். அளவுப் பலகையில் இருபத்தைந்து சென்டிமீட்டர். மழை கொட்டுகிறது, ஓடை வற்றுகிறது. மேலே அடைத்துவிட்டது. எல்லாத் தண்ணியும் அந்த மண் பாலத்துக்குப் பின்னாடி நிக்குது. கடவுளே. போறேன்

ஜூன் 13, வெள்ளி

நேற்று எழுத முடியவில்லை.

கையில் கிடைத்த ஸ்பேனரால் ஒவ்வொரு கதவாகத் தட்டினேன். கீழ்வரிசைக்காரர்கள் எல்லாரும் முதல் இரண்டு நாளும் பயந்துபோய் இருந்தவர்கள், அன்றைக்குத்தான் நிம்மதியாக இருந்தார்கள். ஓடை குறைந்துவிட்டதே! ஒருத்தர் படியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். "தண்ணி வடியுதும்மா, போய் வேலையப் பாருங்க" என்றார். வடிகிறது, அதுதான் ஆபத்து என்று எத்தனை பேருக்குச் சொல்வது? என் பேச்சு எனக்கே பைத்தியக்காரப் பேச்சாகக் கேட்டது. வானத்திலிருந்து கொட்டுகிறது, நான் தண்ணீர் குறைந்துவிட்டது ஓடுங்கள் என்கிறேன்.

தம்பி கதவைத் திறந்தான். எட்டு நாளாக என் முகத்தில் விழிக்காதவன்.

"பம்பு நின்னுருச்சுடா. தண்ணி இல்லாம நின்னுருச்சு."

அவனுக்கு மட்டும்தான் அது புரிந்தது. செருப்புகூடப் போடாமல் இறங்கினான். அப்புறம் மழையில் தெரு நடுவில் போய் நின்று, தொண்டை கிழியக் கத்தினான். "மேல பாலத்துக்குள்ள மரக்கட்டையப் போட்டு மூடியிருக்கு. நான்தான் மூடினேன். நான்தான் தள்ளினேன்! அது நிக்காது. கொழந்தைங்களத் தூக்கிட்டு மேட்டுக்கு ஓடுங்க, கால்ல விழுறேன், ஓடுங்க!"

நான் கத்தியபோது டீ குடித்தவர் டம்ளரைப் போட்டுவிட்டு எழுந்தார். செய்தவனே சொல்லும்போது யாரும் கேள்வி கேட்கவில்லை. தம்பி மனைவியை நானும் அந்த டீ குடித்தவரும் இருபக்கமும் பிடித்து மேட்டில் ஏற்றினோம். கடிகாரக்காரரும் அவர் மனைவியும் எங்களுக்கு முன்னாலேயே ஏறிவிட்டார்கள். நான் பார்த்தேன். என் கண்ணால் பார்த்தேன். மேலே வந்து எண்ணியபோது அவர் இல்லை. மனைவியின் ஊசி மருந்தை வீட்டில் விட்டுவிட்டார்களாம், எடுத்து வருகிறேன் என்று இறங்கினாராம். தம்பி பின்னால் ஓடிக் கூப்பிட்டிருக்கிறான். அவன் கூப்பிட்டது அந்தக் காதுப் பக்கம்.

இரண்டே முக்கால். முதலில் சத்தம் இல்லை, தரை ஆடியது. வந்தது தண்ணீர் இல்லை. சேறும் மரமும் வேரும் கல்லுமாக ஒரு சுவர். ஏழு வீடுகள். எண்ணி முடிப்பதற்குள் போய்விட்டன.

ஜூன் 14, சனி

அவரை இன்று காலையில் எடுத்தார்கள்.

ஜூன் 26, வியாழன்

விசாரணை. கம்பெனி வக்கீல் என் ரிஜிஸ்டரைத் தூக்கிக் காட்டினார்.

"மே இருபத்தெட்டு வரைக்கும் தண்ணி சுத்தம்னு எழுதியிருக்கீங்க. இது உங்க கையெழுத்துதானே?"

"ஆமா. ஆறு மணித் தண்ணி. தப்பான நேரத்துத் தண்ணி."

"இருபத்தொன்பதாம் தேதி எழுதினது உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"ஏப்ரல் இருபத்துமூணு."

முப்பத்தாறு நாள். வக்கீல் எண்ண வேண்டியதில்லை, நான் தினமும் எண்ணிக்கொண்டுதான் இருக்கிறேன். முப்பத்தாறு நாளில் அந்தப் பாலத்தை நாலு தடவை தோண்டி எடுத்திருக்கலாம்.

ஃபோர்மன் தான் அப்படிச் சொல்லவே இல்லை என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார். தம்பி மறுத்துப் பேசவில்லை. அவர் சொன்னார், நான் செய்தேன், இரண்டும் உண்மை என்றான். அப்புறம், யாரும் கேட்காமலே, முதல் பாலத்திலும் இரண்டாவது பாலத்திலும் கட்டை இருக்கிறது என்றான். எங்கே, எவ்வளவு ஆழத்தில், எத்தனை என்று தாளில் படம் போட்டுக் கொடுத்தான். அவனைத் தவிர அது வேறு யாருக்கும் தெரியாது.

ஜூலை 19, சனி

பெண் குழந்தை. எங்கள் வீட்டில்தான் இருக்கிறார்கள் மூன்று பேரும், தம்பி ஜாமீனில். மழை பெய்தால் தம்பி எழுந்து உட்கார்ந்துகொள்கிறான். நானும் உட்கார்ந்துகொள்கிறேன். பேசுவதில்லை. இரண்டு பாலமும் இன்னும் மலையில்தான் இருக்கின்றன.

ஆகஸ்ட் 8, வெள்ளி

ரிக் வண்டிகளை இறக்கிவிட்டார்கள். பாலங்களைத் தோண்டி எடுக்க உத்தரவு. ஜாமீனில் இருக்கிற தம்பியை வைத்தே தோண்டச் சொல்லியிருக்கிறார்கள், கூட ஒரு போலீஸ்காரர். இரண்டாவது பாலத்தில் ஆரம்பித்திருக்கிறான்.

ஆகஸ்ட் 21, வியாழன்

மீட்டர் காலை ஆறு, பதினொன்று, இரண்டு, ஐந்து: அறுபது, நூற்றிருபது, நூற்று நாற்பது, தொண்ணூறு.

தம்பி இன்று சாப்பிடும்போது வாயைத் திறந்தான். இரண்டாவது பாலத்தில் அவன் புதைத்தது நாற்பத்தொரு கட்டை. இதுவரை முப்பத்தெட்டு எடுத்தாகிவிட்டது. போதும், மீதி கெடுதல் செய்யாது, மெஷினைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்று இன்ஜினியர் சொல்கிறாராம். இவன் இறங்க மாட்டேன் என்று உட்கார்ந்திருக்கிறான்.

கடிகாரக்காரர் மனைவி தினமும் வருகிறாராம். குடையைப் பிடித்துக்கொண்டு எதிர்க்கரைக் கல்லில் உட்கார்ந்துவிடுகிறார். திட்டுவதில்லை, அழுவதில்லை. ஒவ்வொரு கட்டை வரும்போதும் ஒரு சிலேட்டில் கோடு போடுகிறார். பன்னிரண்டு நாளில் ஒரே ஒரு தடவைதான் பேசியிருக்கிறார், இன்றைக்கு.

"அவ்ளோதானாப்பா?"

"இல்லம்மா. இன்னும் மூணு இருக்கு."

"சரி, எடு" என்றாராம். நாளைக்கும் வருவாராம்.

தம்பி தட்டில் கோடு போட்டுக்கொண்டே இருந்தான். அப்புறம் என்னைப் பார்க்காமல் சொன்னான்: "அந்தம்மா முன்னாடி தனியா வேல செய்யப் பயமா இருக்குக்கா. நாளைக்கு நீயும் வர்றியா?"

நாளைக்கு லீவு எழுதிவிட்டேன். காரணம் என்ற இடத்தில் என்ன போடுவது என்று தெரியவில்லை. 'தம்பி' என்று மட்டும் எழுதியிருக்கிறேன்.